நாலடி தள்ளி வெட்டாத குழி

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று யாராவது கேட்டால், "குழி வெட்டறேன்" என்று சொல்லிவிட்டு, கேட்டவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார் அவர். கேட்டவர் கல்லறைத் தோட்டத்து வேலை என்று நினைத்துக்கொண்டு, கை குலுக்க நீட்டிய கையைப் பாதியில் நிறுத்துவார். அதற்குப் பிறகுதான், போனால் போகிறதென்று, "கோல்ஃப் மைதானத்துல" என்று சேர்த்துச் சொல்வார். இருபத்தாறு வருஷமாக இந்த ஒரே வேடிக்கையை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவர் மனைவிக்கு இது அலுத்துப்போய் ரொம்ப நாளாகிறது. மைதானத்தில் எல்லாருக்கும் அவர் குழிக்காரர். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

கோல்ஃப் ஆட்டத்தில் பந்து போய் விழவேண்டிய குழி தினமும் இடம் மாறும் என்பது வெளியில் பல பேருக்குத் தெரியாது. குழியைச் சுற்றிப் புல்லை ஒட்டக் கத்தரித்துக் கம்பளம் மாதிரி வைத்திருக்கும் இடத்துக்குக் கிரீன் என்று பேர். ஒரே இடத்தில் தினமும் நூறு பேர் மிதித்தால் புல் செத்துவிடும். ஆகவே விடிந்ததும் விடியாததுமாக ஒருவர் போய்ப் பழைய குழியை மூடி, அதே கிரீனில் வேறோர் இடத்தில் புதுக் குழி வெட்ட வேண்டும். பதினெட்டு கிரீன், பதினெட்டுக் குழி. வட்டமான வெட்டுக் கத்தியை நேராக இறக்கித் திருகி, மண்ணும் புல்லுமாக வருகிற கட்டியைச் சிதறாமல் தூக்கிப் பழைய குழியில் பொருத்தி, மண்டியிட்டு உள்ளங்கையால் தடவி மட்டம் பார்ப்பார். மறுநாள் அந்தப் பழைய குழி எங்கே இருந்தது என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

வெட்டுவதை யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம். எங்கே வெட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கிரீன் தட்டையாக இருக்காது, மேடும் பள்ளமுமாக நெளிந்து கிடக்கும். சரிவின் நடுவில் குழியை வைத்துவிட்டால் ஒழுங்காக உருட்டியவருக்கும் ஏனோதானோவென்று உருட்டியவருக்கும் ஒரே கதிதான், பந்து குழியைத் தாண்டி நிற்காமல் ஓடிவிடும். குழிக்காரர் அந்தத் தப்பைச் செய்யமாட்டார் என்று பேர் வாங்கியிருந்தார். குழியைச் சுற்றி நாலு திசையிலும் நின்று பார்த்து, கையால் பந்தை உருட்டிப் பார்த்து, பிறகுதான் கத்தியை இறக்குவார். தோற்றுப்போய் எரிச்சலோடு வருகிற ஆட்டக்காரர்கள் காற்றைத் திட்டுவார்கள், மட்டையைத் திட்டுவார்கள், கட்டிய மனைவியைக்கூடத் திட்டுவார்கள். அவர் வெட்டிய குழியை மட்டும் யாரும் குறை சொன்னதில்லை.

அவருக்கு ஒரு தங்கை. பதினோரு வயது இளையவள். அம்மா போன பிறகு அண்ணன் வீட்டிலேயே வளர்ந்தாள். புல் வெட்டும் இயந்திரங்களை நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, எந்நேரமும் டீசல் வாடை. மைதானத்தில் அவளை எறும்பு என்று கூப்பிட்டார்கள். சின்னப் பெண்ணாக இருந்தபோதே தன்னைவிடப் பெரிய மட்டைப் பையை இழுத்துக்கொண்டு போவாள், தடுத்தால் கடிப்பாள். மைதானத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் யாரோ தூக்கிப்போட்ட மட்டைகளை வைத்து ஆடி ஆடி அவளாகவே கற்றுக்கொண்டாள். இதில் அண்ணனுக்கு ஒரு பங்கும் கிடையாது. அவர் மட்டையைப் பிடித்தால் பந்தைத் தவிர மற்ற எல்லாம் பறக்கும்.

பெண்களுக்கான தொழில்முறை ஆட்டத் தொடர் என்று ஒன்று உண்டு. வருஷம் முழுக்க ஊர் ஊராகப் போட்டி நடக்கும். அதில் ஆட ஓர் அட்டை வேண்டும், எல்லாரும் கார்டு என்றுதான் சொல்வார்கள். கார்டு உள்ளவர் ஆட்டக்காரர், இல்லாதவர் ஆட்டம் தெரிந்தவர், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரே தடவை தேர்வு. பல கட்டம் தாண்டிக் கடைசிக் கட்டத்துக்கு எழுபத்தெட்டுப் பேர் வருவார்கள். நான்கு நாள் ஆட்டம், குறைந்த அடியில் முடிக்கிறவர் முன்னால். முதல் இருபது பேருக்குக் கார்டு. இருபத்தோராவது ஆளுக்கும் எழுபத்தெட்டாவது ஆளுக்கும் வித்தியாசமே கிடையாது, இரண்டு பேரும் அடுத்த வருஷம் வரவேண்டியதுதான்.

தங்கை முதல் தடவை நடுக்கட்டத்திலேயே வெளியே போனாள். இரண்டாம் தடவை கடைசிக் கட்டம் வரை போய் மூன்றே அடி வித்தியாசத்தில் கார்டைத் தவறவிட்டாள். அழவில்லை. "நாலாவது வாட்டி, அஞ்சாவது வாட்டின்னு வாங்கினவங்க எல்லாம் இருக்காங்க அண்ணி. எனக்கு ரெண்டுதானே ஆச்சு" என்று சிரித்துக்கொண்டே அண்ணன் மனைவியிடம் சொன்னாள். மூன்றாவது வருஷம், அவளுக்கு இருபத்தாறு வயதில், கடைசிக் கட்டத்தை அண்ணன் வேலை பார்க்கிற மைதானத்திலேயே வைத்துவிட்டார்கள். வீட்டில் எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். குழிக்காரர் மட்டும் குதிக்கவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முந்தின நாள், டீக்கடையில் பெரிய தொப்பி வைத்த ஒருவர் நாலு பேர் கேட்கச் சொன்னார்: "அண்ணன் குழி வெட்டறாரு, தங்கச்சி அதுல போடுது. நம்ம பொண்ணுங்க எல்லாம் எதுக்குங்க மெனக்கெட்டு வந்திருக்கோம்?" போட்டிக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் அப்பா அவர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அது வெறும் வாய்ப்பேச்சு, டீயோடு சேர்ந்து அதுவும் இறங்கிப் போயிருக்கும். குழிக்காரர் அதை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் தவித்தார். கையிலிருந்த கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு நேரே போட்டியை நடத்தும் நடுவரம்மாவிடம் போனார்.

நடுவரம்மா ஒல்லியான மனுஷி. எதையும் காலடி வைத்து அளந்து பார்க்காமல் நம்பமாட்டார்.

"மேடம், இந்த நாலு நாளும் வேற யாரையாவது வெட்டச் சொல்லுங்க. என் தங்கச்சி ஆடுது."

"தெரியும். இடத்தைக் குறிக்கப்போறது நான். முந்தின நாள் சாயங்காலம் நான் பெயின்ட்ல புள்ளி வைப்பேன், காலைல நீங்க அதுல வெட்டப்போறீங்க. இதுல உங்க தங்கச்சி எங்க வந்தா?"

"நாலு பேர் பேசறாங்க மேடம்."

"பேசினா பேசட்டும். உங்க கை மாதிரி எனக்கு இங்க வேற கை கிடைக்காது. போய் வேலையைப் பாருங்க."

அவர் வேலையைப் பார்த்தார். கூடவே, யாரும் கேட்காமலே ஒரு விரதமும் எடுத்துக்கொண்டார். நான்கு நாளும் தங்கையோடு பேசுவதில்லை, ஒரே மேஜையில் சாப்பிடுவதில்லை. சாயங்காலம் வேலையை முடித்துவிட்டு வருகிறவர், தங்கை கூடத்தில் இருந்தால் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். "அண்ணி, அண்ணாகிட்ட சொல்லுங்க, ரொம்ப ஓவரா இருக்குன்னு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "அவர் ஊமையாயிட்டாரு, விடு" என்று அவர் மனைவி பதில் சொல்வார். வெளியே அவருக்கும் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வார்.

இந்தத் தேர்வு ஆட்டம் பார்ப்பதற்கு அத்தனை அமைதியாக இருக்கும். கூட்டம் கிடையாது, கைதட்டல் கிடையாது. அப்பா, அம்மா, கணவன் என்று ஆளுக்கொருவர் கயிற்றுக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நடப்பார்கள். முதல் நாள் காலையில் ஒரு பெண் தொடங்குமிடத்துக்குப் பக்கத்துப் புதரில் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பந்தை அடித்தாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கை வாந்தி எடுக்கிற ரகமில்லை. அவளுக்குத் தூக்கம் நன்றாக வரும், சாப்பாடுதான் இறங்காது. நான்கு நாளும் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் குவித்து வைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டாம் நாள் முடிவில் முப்பதாவது இடம், மூன்றாம் நாள் முடிவில் இருபத்துமூன்றாவது இடம்.

நான்காம் நாள் காலை, வெளிச்சம் வந்து அரைமணி ஆகியிருக்கும். பதினேழு குழிகளை வெட்டிவிட்டுக் கடைசிக் கிரீனுக்கு வந்தார். வெள்ளைப் புள்ளி மேட்டின் தோளில் இருந்தது. பார்த்ததுமே அவருக்கு முகம் சுளித்தது. அந்த நேரத்தில் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. நடுவரம்மா.

"பதினெட்டுல வச்ச புள்ளி எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. சரிவு ஜாஸ்தியோன்னு தோணுது. மத்தியானம் காத்து அடிக்கும்னு வேற சொல்றாங்க. நான் இங்க மூணாவது கிரீன்ல மாட்டிக்கிட்டேன். நீங்க நின்னு பாருங்க. சரியில்லன்னா நாலடி கீழ இறக்கிருங்க, எங்கிட்ட கேக்கக்கூட வேண்டாம். முடிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் மண்டியிட்டு, மேலேயிருந்து ஒரு பந்தைக் கையால் மெதுவாக உருட்டினார். புள்ளியைத் தாண்டி ஏழடி போய் நின்றது. இன்னும் மெதுவாக இன்னொன்று. அதுவும் போயிற்று. மூன்றாவதைத் தொட்டும் தொடாமலும் விட்டார். புள்ளியருகில் நிற்கப்போவது போலத் தயங்கிவிட்டு அதுவும் மற்ற இரண்டோடு போய்ச் சேர்ந்துகொண்டது. பனி காயாத காலையிலேயே இப்படி. புல் காய்ந்து, காற்றும் கிளம்பினால் கேட்கவே வேண்டாம். நாலடி கீழே அருமையான தட்டை. வேறெந்த நாளாக இருந்தாலும் அவர் யோசித்தே இருக்கமாட்டார்.

ஆனால் அந்த நாலடி கீழேதான் திங்கட்கிழமை தோறும் தங்கை உருட்டிப் பழகுகிற இடம். மைதானத்தில் பாதிப் பேருக்கு அது தெரியும். புள்ளி இருந்த இடத்தை விட்டுவிட்டு அங்கே போய் வெட்டினால் தொப்பிக்காரர் என்ன சொல்வார் என்பது அவர் காதில் இப்போதே விழுந்தது. பதினெட்டு வருஷத்துப் பேர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் போய்விடும். எழுபத்தெட்டுப் பெண்களுக்கும் அந்தக் குழி அநியாயம் என்று அவருக்குத் தெரிந்தது. இருந்தும், யாருக்கு என்ன ஆனாலும் தன்மேல் ஒரு சொல் விழக்கூடாது என்று நினைத்தார். அதை அவர் நேர்மை என்று நினைத்துக்கொண்டார். அது சுத்தமான பயம்.

கத்தியைப் புள்ளியின் மேலேயே இறக்கினார். குழிக்குள் பந்து விழும் கிண்ணத்தை வைத்து, அடையாளக் கொடியை நட்டுவிட்டு, வாக்கிடாக்கியை எடுத்தார்.

"பாத்துட்டேன் மேடம். சரியாத்தான் இருக்கு."

"அப்பாடா. நீங்க சொன்னா சரி" என்றார் நடுவரம்மா.

மத்தியானம் காற்று அடித்தது. குழிக்காரர் இல்லாத வேலையை இருப்பதாகக் காட்டிக்கொண்டு, கையில் இலை கூட்டும் ஒரு வாரியோடு கடைசிக் கிரீனுக்குப் பின்னாலேயே நின்றார். முதலில் வந்த பெண் கொடிக்குப் பக்கத்தில் அழகாகப் பந்தை நிறுத்தினாள், ஒன்றில் முடித்திருக்க வேண்டியது, மூன்று தடவை உருட்டினாள். அடுத்தவள் நான்கு. ஒருத்தி சிரித்துவிட்டாள், இன்னொருத்தி மட்டையால் தன் ஷூவையே அடித்துக்கொண்டாள். ஒவ்வொரு பந்தும் குழியைத் தாண்டி ஓடும்போது அவர் வாரியை இறுக்கிப் பிடித்தார். தொப்பிக்காரரின் மகளும் வந்தாள், நான்கு தடவை உருட்டினாள். "எந்த மடையன்யா இந்த இடத்துல வெட்டினது?" என்று தொப்பிக்காரர் கயிற்றுக்குப் பின்னாலிருந்து கத்தினார். மடையன் பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். எந்த வாய்க்குப் பயந்து இதைச் செய்தாரோ அந்த வாயே திட்டியது, அதைக் கேட்டு நொந்துகொள்ளக்கூட அவருக்கு நேரமில்லை. ஸ்கோர் பலகையில் தங்கையின் இடம் பத்தொன்பதாவது என்று மாறியிருந்தது.

கடைசிக்கு முந்தின குழுவில் அவள் வந்தாள். கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்தக் குழியை நான்கு அடியில் முடித்தால் கார்டு. ஐந்து என்றால் வெளியே. முதல் இரண்டு அடியில் கிரீனுக்கு வந்துவிட்டாள், பந்து குழிக்கு மேலே பன்னிரண்டு அடி தூரத்தில் நின்றது. இரண்டு தடவை உருட்டலாம், அது அவளுக்கு எந்த நாளிலும் கஷ்டமில்லை. அண்ணன் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை, அண்ணனின் விரதம் அப்படி. குழியை இரண்டு தடவை சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

தொட்டும் தொடாமலும்தான் உருட்டினாள். பந்து குழியின் விளிம்பை ஒரு விரல் அகலத்தில் விட்டுவிட்டுக் கீழே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. ஏழடி. அவள் நிமிர்ந்து பந்தைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, புரியாமைதான் இருந்தது. இப்போது கீழேயிருந்து மேலே உருட்ட வேண்டும், ஒரே தடவையில். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். கை லேசாக ஆடியதைக் குழிக்காரரும் பார்த்தார். ஒரு வருஷத்து வாழ்க்கை ஏழடி தூரத்தில் இருந்தால் யாருக்கும் ஆடும். பந்து இடது பக்கமாக ஒதுங்கி நின்றுவிட்டது. ஐந்தாவது அடியில் அதை உள்ளே தள்ளிவிட்டு, கூட ஆடியவளுக்குக் கை கொடுத்துவிட்டு, தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரே ஓர் அடியில் போயிற்று.

சாயங்காலம் வீட்டில் விளக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை. அண்ணி கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. குழிக்காரரின் விரதம் முடிந்திருந்தது. தங்கையே தொடங்கினாள்.

"கை நடுங்கிருச்சுண்ணா."

அவர் டீக்கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பயிற்சி எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அந்த நேரத்துல என் கை என் பேச்சைக் கேக்கல. முதல் உருட்டு அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்ல. நான் எப்படி அடிச்சேன்னே எனக்குத் தெரியல."

அப்போது சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது என்று பிற்பாடு அவர் மனைவியிடம் சொன்னார், மனைவி அதை நம்பினாரா என்பது வேறு விஷயம். அவர் சொன்னது இதுதான்: "பரவாயில்ல விடும்மா. பதட்டம் எல்லாருக்கும் வர்றதுதான்." ஆறுதலாகத்தான் சொன்னார், தலையைக்கூடத் தடவிக் கொடுத்தார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை, அறிவிப்புப் பலகையில் குழிவாரியாக எல்லாருடைய கணக்கும் ஒட்டியிருந்தது. பதினெட்டாவது வரிசையை விரலால் எண்ணிப் பார்த்தார். எழுபத்தெட்டில் நாற்பத்துமூன்று பேர் அந்தக் குழியில் ஐந்தோ அதற்கு மேலோ எடுத்திருந்தார்கள். தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தங்கையிடம் காட்டத்தான் எடுத்தார், இதில் சந்தேகம் வேண்டாம். கொட்டகை வரை வந்தபோது வேறொன்று தோன்றியது. தாளைக் காட்டினால், ஏன் அங்கே வெட்டினாய் என்று கேட்பாள். நடுவரம்மா புள்ளி வைத்தார் என்று சொல்லலாம். ஆனால் நாளைக்கே அந்த அம்மாவைப் பார்த்து அவள் கேட்டுவிட்டால் வாக்கிடாக்கியில் பேசியது வெளியே வந்துவிடும். தாளை வெட்டிய புல் குவியலுக்குள் திணித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். ஒரு வாரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அந்த ஒரு வாரம் எட்டு வருஷமாக நீண்டது. முதல் மாதம் சொல்ல வெட்கமாக இருந்தது, முதல் வருஷம் சொல்லப் பயமாக இருந்தது. அப்புறம், இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஆகிவிட்டது. தங்கை மட்டைப் பையைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாள். கூட ஆடிய பெண்கள் போன் செய்தால் எடுக்கவில்லை. அடுத்த வருஷத் தேர்வுக்கு விண்ணப்பம் வந்தபோது, "எனக்கு டென்ஷன் தாங்காது அண்ணி, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லி மேஜையிலேயே வைத்துவிட்டாள். அண்ணி அவளை மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு அழைத்துப்போனார். குழிக்காரர் அதற்கும் சரி என்று தலையாட்டினார். மூச்சு என்ன பாவம் செய்தது?

பிறகு அந்த வார்த்தை அவளுக்குப் பழகிப்போயிற்று. வண்டி ஓட்டக் கற்றுக்கொள் என்றால், டென்ஷன் தாங்காது. பார்க்க வந்த ஒரு நல்ல பையனைப் பிடித்திருந்தும், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், டென்ஷன் தாங்காது. இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துக்கொண்டு தனியாக இருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் முன்மேஜையில் வேலை. வருகிறவர்களின் பெயரைப் பதிவது, டோக்கன் கொடுப்பது, குப்பிகளில் சீட்டு ஒட்டுவது. வாரத்துக்கு ஒருமுறை அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். கோல்ஃபைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கொட்டகையைத் தாண்டும்போது மைதானத்துப் பக்கம் அவள் முகம் திரும்பாது, அதைக் குழிக்காரர் ஒவ்வொரு தடவையும் கவனித்தார்.

போன மாதம் அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் டாக்டர். வெறும் வயிற்றோடு, காலை ஏழரை மணிக்குத் தங்கை வேலை பார்க்கும் நிலையத்துக்குப் போனார். பச்சை நாற்காலிகள், மூலையில் தண்ணீர் இயந்திரம், சுவரில் சிறுநீரகத்தின் படம். ரத்தம் எடுக்கும் இரண்டு பேரில் ஒருத்தி வரவில்லை என்று கூட்டம் தேங்கி நின்றது. நிலையத்தின் பொறுப்பாளரம்மா அவரை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க தங்கச்சிகிட்ட நீங்களாவது சொல்லக்கூடாதா? ரத்தம் எடுக்கக் கத்துத் தர்றேன்னு மூணு வாட்டி கேட்டுட்டேன். சம்பளமும் கூட, மரியாதையும் கூட. வேண்டவே வேண்டாங்கறா. 'என் கை நம்ப முடியாத கை மேடம், முக்கியமான நேரத்துல நடுங்கிரும்'னு சொல்றா. நான் இங்க அஞ்சு வருஷமா பாக்கறேன், அவ கை நடுங்கி நான் பாத்ததே இல்ல."

குழிக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். முன்மேஜையில் எட்டுப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். தங்கை ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே, சுண்டுவிரல் தடிமன் குப்பிகளில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சீட்டும் நூல் பிடித்தது போல நேராக உட்கார்ந்தது. அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அழுகை வந்தது. பசியில் தலை சுற்றுகிறது போலிருக்கிறது என்று பொறுப்பாளரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் தங்கையே எழுந்து வந்தாள். "என்னண்ணா, முகமே சரியில்ல? இன்னும் ரெண்டே பேர்தான், அப்புறம் நீதான்."

"உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

"ஆள் நிக்கறாங்கண்ணா."

"உக்காரும்மா."

உட்கார்ந்தாள். அவர் சொன்னார். தண்ணீர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு மூச்சில், நடுவரம்மா வாக்கிடாக்கியில் சொன்னதை, மூன்று பந்து உருட்டிப் பார்த்ததை, நாலடி தள்ளி வெட்டாததை, சரியாத்தான் இருக்கு என்று பொய் சொன்னதை, நாற்பத்துமூன்று பேர் கணக்கை, புல் குவியலுக்குள் போன தாளை, எல்லாவற்றையும் சொன்னார். "உன் கைல ஒண்ணுமில்லம்மா. அந்த இடத்துல யார் உருட்டியிருந்தாலும் அப்படித்தான் ஓடியிருக்கும். தப்பு என்னோடது" என்று முடித்தார். எட்டு வருஷமாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்தவருக்கு மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை.

"குழி சரியில்லையோன்னு எனக்கு அன்னிக்கே ஒரு நிமிஷம் தோணுச்சுண்ணா" என்றாள். "ஆனா நீ வெட்டின குழி. நீ பாக்காம வெட்டமாட்டேன்னு எனக்குத் தெரியும். அதனால குழியில தப்பு இருக்காது, அப்ப தப்பு என் கையிலதான்னு முடிவு பண்ணிட்டேன்."

"மன்னிச்சிரும்மா."

"கார்டு போனா போகுது. அந்தக் குழியில நாற்பத்துமூணு பேர் மாட்டினாங்க, நானும் ஒருத்தி. அடுத்த வருஷம் போயிருப்பேன், அதுக்கடுத்த வருஷமும் போயிருப்பேன். கை நடுங்கிருச்சுன்னு உங்கிட்ட வந்து சொன்னேன்ல, இருட்டுல உக்காந்துக்கிட்டு? அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணா?"

முன்மேஜையில் யாரோ டோக்கனால் கண்ணாடியைத் தட்டினார்கள். அவள் எழுந்தாள். எழுந்தவள் போகாமல் நின்றாள்.

"எனக்கு முப்பத்திநாலு வயசாகுது. என் கை சரியில்ல, என் கை சரியில்லன்னே வாழப் பழகிட்டேன். இப்ப வந்து, அது சரியாத்தான் இருந்துச்சுங்கற. இதை வச்சுக்கிட்டு நான் இனிமே என்னண்ணா பண்றது?"

உண்மையிலேயே பதில் வேண்டும் என்பது போல அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேஜைக்குப் போய் அடுத்த ஆளின் பெயரைக் கேட்டாள்.